நான் கழுவாத பாட்டில்

பாய் கடை மகனே, போன வாரம் நீதான் போன் செய்தாய். நம் பத்தாம் வகுப்புக்காரர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுவதாகவும், அது முழுக்க அவளைப் பாராட்டித்தான் என்றும், நான் நாலு பக்கமாவது எழுதியே தீரவேண்டும் என்றும் சொன்னாய். "அவகூட ஒரே வாசல்ல வளந்தவ நீ. உன்ன வுட்டா வேற யாருக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டாய். தெரியும்தான். தெரிந்ததால்தான் ஒரு வாரமாகப் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

இப்போது எழுதுகிறேன். நீயும் படி, மீன் குத்தகைக்காரர் மகனிடமும் கொடு. நம்மோடு படித்து இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட மற்றவர்களும் படிக்கட்டும். படித்த பிறகு மலரில் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் என் அத்தை மகள். அத்தையின் வீட்டுக்காரர் இறந்த பிறகு அப்பா தன் தங்கையையும் அவள் குழந்தையையும் அழைத்துவந்து எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு கூரை போட்டுக் கொடுத்தார். அதனால் எங்கள் இருவருக்கும் வாசல் ஒன்று, கிணறு ஒன்று, முருங்கை மரம் ஒன்று. அவள் என்னைவிட இரண்டு மாதம் சின்னவள். அந்த இரண்டு மாதத்தைத் தவிர வேறு எதிலும் நான் அவளுக்கு முன்னால் போனதில்லை.

தீபாவளிக்கு அப்பா ஒரே பீஸில் வெட்டி இரண்டு தாவணி எடுத்து வருவார். அவள் கட்டிக்கொண்டு தெருவில் போனால் "எங்க எடுத்ததும்மா?" என்று கேட்பார்கள். அதே தாவணியை நான் கட்டிக்கொண்டு போனால் "அவளுது மாதிரியே எடுத்தியா?" என்பார்கள். அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். என் கையெழுத்து இருக்கட்டும், விடுங்கள். அப்பா வேலை முடிந்து வந்ததும் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார். மணி கேட்டு ஓடுவது நான். கேரியரிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவர் முதலில் நீட்டுவது அவளிடம். "அப்பன் இல்லாத பொண்ணு" என்று அம்மா சமாதானம் சொல்வாள். எனக்கு அப்பா இருப்பது ஏதோ நான் செய்த குற்றம் போல இருக்கும்.

இதற்குப் பெயர் பொறாமை. பாராட்டு மலரில் எழுதக்கூடிய வார்த்தையா என்று தெரியவில்லை. ஆனால் வேறு வார்த்தை போட்டால் அது பொய்.

நம் பாகூர் ஏரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசியில் வாய்க்கால் ஓடத் தொடங்கினால் கார்த்திகைக்குள் கரை தளும்பும். வாய்க்கால் ஓரத்தில் அந்த அட்டைக் கம்பெனி வந்தது நாம் எட்டாவது படிக்கும்போது. வைக்கோலையும் சுண்ணாம்பையும் பெரிய கொப்பரையில் போட்டு வேகவைத்துக் கூழாக்கி அட்டை செய்வார்கள். சுற்று வட்டாரத்து வைக்கோல் எல்லாம் வண்டி வண்டியாக அங்கே போயிற்று. அப்பா அங்கே வைக்கோல் கட்டு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று மேனேஜர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா ஞாயிற்றுக்கிழமையும் போய் வந்தார்.

வெந்த கூழைக் கழுவிய தண்ணீரைக் கம்பெனிக்குள்ளேயே ஒரு பள்ளத்தில் தேக்கிவைத்து, முதல் மழை வந்ததும் வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். காப்பித் தூளைக் கரைத்ததுபோல வரும். மேலே நுரை முழங்கால் உயரத்துக்கு நிற்கும். சின்னப் பிள்ளைகள் அதை அள்ளித் தாடி வைத்துக்கொண்டு விளையாடும். நாற்றம் மட்டும் எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. ஊறிப்போன வைக்கோல், அதன் கீழே சுண்ணாம்புக் காட்டம், அதன் கீழே வேறு ஏதோ ஒன்று, அழுகிய முட்டை மாதிரி.

நாம் பத்தாவது படித்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை ஏரிக் கரையோரம் முழுக்க மீன் மல்லாந்து கிடந்தது. விரால், கெளுத்தி, குறவை, எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு. கொக்கு கூடக் கிட்டே வரவில்லை. மீன் குத்தகைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் மீனை அள்ளி அள்ளிப் பார்த்தார். அவர் மகன் கரையில் நின்று அழுதான். குத்தகைக்காரர் மகனே, அழுதாய்தானே? இப்போது இல்லை என்று சொல்லாதே, நான் பார்த்தேன்.

பெரியவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். புதுத் தண்ணீர் வந்தால் மீன் சொக்கிப்போகும் என்றார் ஒருவர். இடி இடித்ததால் என்றார் இன்னொருவர். நம் அறிவியல் சார் கூட ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அதெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்க, நீங்க பப்ளிக் எக்ஸாமுக்குப் படிங்க" என்றார். என் அப்பா சொன்னதுதான் எல்லாவற்றிலும் எனக்கு ஞாயமாகப் பட்டது.

"வைக்கோல் இன்னா விஷமா? மாடு தின்றது. சுண்ணாம்பு இன்னா விஷமா? வெத்திலைக்குத் தடவுறது. ரெண்டையும் வேக வச்சா மட்டும் எங்கேருந்து வரும் விஷம்?"

அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான்தான் அவளிடம் சொன்னேன். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் சொன்னேன்.

"எல்லாரும் இல்ல இல்லன்றாங்களே, அந்தத் தண்ணியப் பாட்டில்ல புடிச்சி மூஞ்சிக்கு நேரா வச்சா இன்னாடி சொல்வாங்க?"

அவள் நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "ஏய், நல்லா இருக்குடி" என்றாள். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கணீரென்று சொன்னாள். "நாங்க யோசிச்சோம் சார்" என்றுதான் சொன்னாள், அதில் குறை இல்லை. அந்த 'நாங்க'வில் நான் இருந்தேனா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என் கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் சேர்ந்தோம். அவள், நான், கடைக்கார பாய் மகனான நீ, குத்தகைக்காரர் மகன். தண்ணீர் பிடிக்கப் பாட்டில் வேண்டும். நம் ஊரில் பாட்டிலுக்கா பஞ்சம்? எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அப்போது மதுவிலக்கு. கடலூர்ப் பக்கத்திலிருந்து சாயங்காலம் ஆனால் சைக்கிளில் வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள், பனைமரத்தடியிலும் களத்து மேட்டிலும் பிராந்தி பாட்டில்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். நாலு எடுக்கப் போய் இருபது எடுத்து வந்தோம். வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் மருந்து பாட்டிலோ ஊறுகாய் ஜாடியோ தேடியிருப்பார்கள். நமக்குப் பாட்டில் என்றால் பிராந்தி பாட்டில்தான். அதில் தப்பு இருப்பதாக நம் நாலு பேருக்கும் தோன்றவே இல்லை.

வேலையைப் பிரித்ததும் அவள்தான். குத்தகைக்காரர் மகன் இடம் காட்டவேண்டும். நீ உங்கள் கடையிலிருந்து பிஸ்கட் அட்டைப்பெட்டி கொண்டுவரவேண்டும். அவள் லேபிள் எழுதுவாள், மனு எழுதுவாள், பேசுவாள். நான் பாட்டில் கழுவவேண்டும்.

கழுவினேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவை நன்றாகவே கழுவினேன். அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் மணலும் போட்டுக் குலுக்கி, வெந்நீர் விட்டு அலசி, பூவரச வேலிக் குச்சிகளில் கவிழ்த்துக் காயவைத்தேன். வேலி முழுக்கப் பாட்டில் நிற்பதைப் பார்த்துத் தெருவில் போனவர்கள் "இன்னாம்மா, உங்கப்பன் கடை வச்சிட்டானா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, கொஞ்சம் வாடை இருந்தாலும் மறுபடி கழுவினேன்.

அவள் நோட்டுத் தாளை நறுக்கி, இடமும் பிடித்தவர் பெயரும் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். 'கம்பெனிக்கு முன்' என்பது குத்தகைக்காரர் மகன் பெயரில். 'கம்பெனி வாய்', அதாவது கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் விழுகிற இடம், அவள் பெயரில். 'ஏரி வாய்' உன் பெயரில். எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுக் கிணறு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தண்ணீர் வேண்டுமாம். நல்ல தண்ணீரை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

அந்த நாலு பாட்டிலையும் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக வைத்தோம். மூன்று நாள் ஊரே வந்து பார்த்தது. கடலோரத்து நல்லவாட்டிலிருந்து மீன் கூடை தூக்கி வருகிற அம்மா கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார். நாலாம் நாள் டவுனிலிருந்து பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். ஆளுக்கு ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் முந்தின நாளே தலைக்குக் குளித்து, அம்மாவின் முத்துத் தோடு போட்டுக்கொண்டு போனேன்.

பேப்பர் வந்தது. பாய் கடையில்தான் பார்த்தேன், உன் அப்பாதான் விரித்துக் காட்டினார். நடுவில் அவள், பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி. ஒரு பக்கம் நீங்கள் இருவரும். இன்னொரு பக்கம் ஒரு முழங்கை. ரவிக்கைக் கையின் ஓரமும் முழங்கையும், அவ்வளவுதான் நான். மீதியை எங்கோ வெட்டிவிட்டிருந்தார்கள். உன் அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நீ வரலியாம்மா அன்னிக்கி?" என்று கேட்டார்.

அந்தத் துண்டை அத்தை கண்ணாடி போட்டு மாட்டினாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம் போனாலே வயிறு எரியும்.

கம்பெனியில் மேனேஜரும் பேப்பர் பார்த்திருக்கிறார். அப்பாவைக் கூப்பிட்டு, "உன் வூட்டுப் பசங்களா இதெல்லாம்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அன்று சைக்கிள் மணி அடிக்காமல் வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"பாட்டிலு கழுவுறியாமே? சோறு போடுற எடத்துல மண்ணு அள்ளிப் போடுறியா? அறிவு இருக்குதா உனக்கு?"

பக்கத்தில் அவளும் நின்றிருந்தாள். பேசியது அவள், மனு எழுதியது அவள், போட்டோவில் நடுவில் நின்றது அவள். திட்டு மட்டும் எனக்கு. அவளிடம் திரும்பி, "நீ படிக்கிற பொண்ணு, உனக்கு எதுக்குக் கண்ணு இந்த வம்பு?" என்றார். அவ்வளவுதான்.

"இல்ல மாமா, மீனு செத்தத நீங்களே பாத்தீங்கல்ல?" என்று அவள் நின்று கேட்டாள். அப்பா கிணற்றடிக்குப் போய்விட்டார். அவரிடம் அப்படி நின்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் எரிந்தது.

மனு மேலே போய், கார்த்திகைக் கடைசியில் நம் பஞ்சாயத்தான கொம்யூன் ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். கமிஷனர் முன்னிலையில், கம்பெனி மேனேஜரும் டவுனிலிருந்து ஒரு அதிகாரியும் வருவார்கள், புதிதாகத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவாருங்கள், அதிகாரி பார்த்து எடுத்துப்போய்ப் பரிசோதிப்பார் என்று சொன்னார்கள். அதன்படி கம்பெனியைத் தொட்டி கட்டச் சொல்வார்கள் என்று ஊரில் பேச்சு. குத்தகைக்காரர் அந்த ஒரு நாளை நம்பித்தான் இருந்தார். மறு வருஷக் குத்தகை எடுப்பதா, ஊரை விட்டுப் போவதா என்பது அவருக்கு அதில் இருந்தது.

முந்தின நாள் மதியம் மறுபடி நாலு பாட்டில் கழுவ உட்கார்ந்தேன். மூன்றைக் கழுவி வேலியில் கவிழ்த்தேன். நாலாவதைக் கையில் எடுத்தபோது அடியில் அரை விரல் அளவு பிராந்தி இருந்தது. மூடியும் இறுக்கமாக இருந்தது. திறந்தேன். மோந்து பார்த்தேன். அத்தை வீட்டுச் சுவரில் கண்ணாடி பளபளவென்று தெரிந்தது. யாரோ இரண்டு பெண்கள் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூடியை மறுபடி இறுக்கி, வெளிப்புறத்தை மட்டும் நன்றாகத் துடைத்தேன். அவள் வந்து கேட்டபோது, 'கம்பெனி வாய்'க்கு இதை வைத்துக்கொள் என்று அவள் கையில் நானே கொடுத்தேன். அடியில் இருப்பதைக் கழுவிய மிச்சத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்வாள், கறுப்புத் தண்ணீர் நாற்றத்தில் இந்த வாடை அவளுக்குத் தெரியாது, நிறமும் காட்டிக் கொடுக்காது என்று எனக்குத் தெரியும். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்து பிடித்தாள். மூடினாள். லேபிள் ஒட்டினாள். அச்சுப் போன்ற எழுத்தில் அவள் பெயர்.

மறுநாள் கொம்யூன் ஆபீஸ் நிரம்பி வழிந்தது. அவள் பேசினாள். அவ்வளவு நன்றாகப் பேசினாள். வைக்கோலும் சுண்ணாம்பும் தனித்தனியே விஷமில்லைதான், ஆனால் எங்கள் ஏரியில் மீன் செத்திருக்கிறது, காரணத்தைப் பரிசோதித்துச் சொல்லுங்கள் என்றாள். கமிஷனர் தலையை ஆட்டினார். பின் வரிசையில் என் அப்பா நின்று, அவள் பேசுவதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் பயந்தவர், கம்பெனிச் சட்டையிலேயே வந்து நின்றார், அவள் பேசுகிறாள் என்பதற்காக.

அதிகாரி 'கம்பெனி வாய்' பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு சிரித்துக்கொண்டே கமிஷனர் பக்கம் நீட்டினார். அவர் முகர்ந்துவிட்டு மேனேஜரிடம் கொடுத்தார்.

மேனேஜர் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "எங்க கம்பெனியில அட்டைதான் செய்றோம் சார், இத நாங்க செய்யறதில்ல" என்றார்.

ஆபீஸே சிரித்தது. "பாப்பாவுக்கு எந்தக் கடைம்மா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அதற்கும் சிரித்தார்கள். இந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்க முடியாது, மற்றதும் இதே மாதிரி பாட்டில்தானே என்று அதிகாரி நாலையும் ஒதுக்கி வைத்தார். மனு அதோடு முடிந்தது. குத்தகைக்காரர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன். பார்த்தேன். ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. மறைத்து என்ன பயன்? நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் குத்தகைக்காரர் போன வாசலைப் பார்த்தேன்.

திரும்பி நடந்து வரும்போது, பாட்டிலை நீ கழுவவில்லையா என்று அவள் கேட்பாள், கேட்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். நான் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஏரிக்கரை மதகு வந்தபோது நின்றாள்.

"மூடுறதுக்கு முன்ன நான் மோந்து பாத்திருக்கணும்டி" என்றாள். "எல்லாம் என்னாலதான்."

தயாராக வைத்திருந்த பதிலோடு வீடுவரை அவள் பின்னாலேயே நடந்தேன்.

ஒரு வாரத்தில் அப்பாவுக்குப் பர்மனென்ட் ஆனது. மேனேஜருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று சைக்கிள் மணி தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தது. அப்பா இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் துண்டை எடுத்துக்கொண்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனார். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்த அவள் வாயில் ஊட்டினார். "நீ பேசுனது ஒண்ணும் தப்பில்ல கண்ணு. நான் கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார். அந்த வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான், வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இரண்டாவது துண்டு.

அப்பாவுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் வேலை அன்று என் நினைவில் ஒரு மூலையில்கூட இல்லை.

பரீட்சை முடிந்தது. நான் கணக்கில் ஃபெயிலாகிப் போனேன். அவள் அப்பாவிடம் கேட்டது இது: "மாமா, அடுத்த தடவ யாரும் சிரிக்காத மாதிரி தண்ணி புடிக்கணும். அத எங்க சொல்லித் தருவாங்க?" அவருக்கு எங்கே தெரியும்? யார் யாரையோ விசாரித்து, டவுன் காலேஜில் கெமிஸ்ட்ரி என்று கண்டுபிடித்து வந்தார். பர்மனென்ட் சம்பளத்தில்தான் அவள் படித்தாள். காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் அவள் ஏறுவதை, கையில் சாணி வாளியோடு நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் கை காட்டுவாள். நானும் காட்டுவேன்.

எனக்குக் கல்யாணம் ஆகித் திருவாண்டார்கோயில் பக்கம் போனேன். இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தபோது அவள் ஜீப்பில் வந்து இறங்கினாள். தண்ணீர் பரிசோதிக்கிற ஆபீஸில் வேலையாகியிருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்று பார்த்தேன். அதே கம்பெனி வாய். வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில். குனிந்து அந்தத் தண்ணீரையே கொஞ்சம் பிடித்துக் குலுக்கிக் கீழே கொட்டினாள். மறுபடி பிடித்துக் கொட்டினாள். மூன்றாம் தரமும் கொட்டினாள். அதற்கு அப்புறம்தான் நிரப்பி மூடினாள். நாம் நாலு பேரும் அன்று அதைச் செய்யவில்லை. நமக்குத் தெரியாது.

அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி தொட்டி கட்டியது. மீன் செத்து மிதப்பது நின்றது. கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "என் தங்கச்சி பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் குழந்தைக்கு அன்று காய்ச்சல். அவருக்கு இரண்டு தரம் சொல்லியனுப்பினேன். இருட்டிய பிறகுதான் வந்தார்.

அந்த ஒரு ஐப்பசி கார்த்திகை நம் நாலு பேரையும் விடவில்லை. குத்தகைக்காரர் மறு வருஷம் ஏரியை எடுக்கவில்லை, கரும்பு வெட்டப் போனார். ஆனால் அவர் மகன் இன்றுவரை ஏரிச் சங்கத்துக்குத் தலைவர், மழைக்கு முன்னால் ஒரு மனுவாவது எழுதாமல் இருக்கமாட்டான். பாய் கடை மகனே, நீ பிளாஸ்டிக் பை வைக்கமாட்டேன் என்று பிடிவாதமாகப் பேப்பரில் மடித்துக் கொடுத்து, பாதி வியாபாரத்தை எதிர்க் கடைக்கு விட்டவன். நான் மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கழுவி வரும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பதினெட்டு வருஷம் பார்த்தேன். இன்றும் எந்தப் பாட்டிலையும் மோந்து பார்க்காமல் ஊற்றமாட்டேன். மருமகள் சிரிக்கிறாள்.

போன மாதம் அவளுக்கு ரிடையர்மென்ட் விழா. டவுனில் பெரிய மண்டபம். நீங்களும் வந்திருந்தீர்கள். மைக்கைப் பிடித்து அவள் என்ன பேசினாள் என்று நினைவிருக்கிறதா? பிராந்தி பாட்டில் கதையைத்தான் சொன்னாள். "மூணு தரம் அலசணும்னு எனக்கு அப்ப தெரியல. அது என் தப்பு. அந்தத் தப்புதான் என்ன இங்க கொண்டாந்து நிறுத்திச்சி" என்றாள். மண்டபமே எழுந்து கை தட்டியது. நானும் எழுந்தேன். என் தப்புக்கு அவள் கைதட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் தட்டினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு அந்தப் பாட்டில நான் கழுவல."

அவள் சாம்பாருக்குக் குழி செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து சிரித்தாள். "கழுவுனா இன்னா, கழுவாட்டி இன்னா? அலசியிருந்தா ஒண்ணும் இருந்திருக்காது. அது என் வேலை. இத போய் மனசுல வச்சிகினு இருந்தியா? நீ அப்ப சின்னப் பொண்ணுடி" என்றாள்.

நான் அவளைவிட இரண்டு மாதம் பெரியவள்.

என் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்தாள். அதற்குள் யாரோ மாலையோடு வந்து அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். எச்சில் கையோடு எழுந்து போனாள். நான் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வந்ததில் பாதிதான் சொல்லியிருந்தேன்.

மீதியை இங்கே சொல்கிறேன். நான் கழுவ மறக்கவில்லை. அரை விரல் பிராந்தியைப் பார்த்து, மோந்து, மூடியை இறுக்கி, அவள் கையில் கொடுத்தேன். அலசாமல் விட்டது அவளுக்குத் தெரியாமல் நடந்தது. நான் செய்தது தெரிந்து செய்தது. இரண்டையும் ஒன்றாக்கி அவள் பெயரில் எழுதக்கூடாது. குத்தகைக்காரர் தலைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனது என்னால்.

மலரில் யோசனை அவளுடையது என்று போடுவீர்கள், போடுங்கள். பேச்சு, படிப்பு, ஏரி பிழைத்தது, எல்லாம் அவளுடையது என்று போடுங்கள், மறுக்கவில்லை. அந்த வருஷத்தில் முழுக்க முழுக்க நானே செய்தது ஒன்றுதான். அதையும் அவளிடம் கொடுக்க எனக்கு மனசில்லை. அதை என் பெயரில் போடுங்கள். போட்டோவும் போடுவதாக இருந்தால், இந்தத் தடவையாவது என்னை வெட்டாமல் போடுங்கள்.